தொகுதி மேலே, பகுதி கீழே

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பக்குரங்கா பிளாசாவைச் சுற்றியுள்ள குடும்ப மருத்துவரகங்களில் அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன குடும்பம். பதினான்கு மாதப் பையன். அம்மா கைப்பையிலிருந்து தாய் சேய் நல அட்டையை எடுக்கிறார். மழைக்கும் குழந்தையின் கைக்கும் பயந்து பாலித்தீன் உறைக்குள் போட்டு வைத்தது. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று கட்டத்துக்குக் கட்டம் தேதி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரின் கையெழுத்தும் இருக்கிறது. "எல்லா ஊசியும் போட்டாச்சு சிஸ்டர், ஒண்ணுகூட விடல" என்கிறார் அம்மா. அது உண்மை. செவிலியர் திரையைப் பார்த்துவிட்டுப் பையனுக்கு ஊசி பாக்கியிருக்கிறது என்கிறார். அதுவும் உண்மை.

ஒன்பதாம் மாதத்தில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது எம்.ஆர். ஊசி. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமானது. நியூசிலாந்தில் போடுவது எம்.எம்.ஆர். கூடுதலாக இருக்கும் அந்த 'எம்', தமிழ்நாட்டில் பொன்னுக்குவீங்கி என்றும் யாழ்ப்பாணத்தில் கூகைக்கட்டு என்றும் சொல்லும் நோய்க்கு. இது போக, பன்னிரண்டு மாதம் நிறையும் முன் போட்ட தட்டம்மை ஊசியை நியூசிலாந்து கணக்கில் சேர்ப்பதே இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் அந்த வயதில் குழந்தையின் இரத்தத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஊசியின் வேலையை அது கெடுக்கும். ஒன்பதாம் மாதத்தில் போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்குப் பலன் பிடிக்கும், பன்னிரண்டில் போட்டால் 95. அந்தப் பத்துப் பேரை விட்டுக்கொடுத்து இந்தியா முந்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நோய் தெருவில் உலவும் நாட்டில் குழந்தையின் முதல் பிறந்தநாள்வரை காத்திருக்க முடியாது.

இதே பையன் இந்தியாவிலேயே இருந்து, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் களப்பணியாளர் வீட்டுக்கு வந்திருந்தால், 'முழுத் தடுப்பூசி பெற்றவர்' என்ற கட்டத்தில் விழுந்திருப்பான். ஒரு பி.சி.ஜி., முத்தடுப்பு மூன்று, போலியோ மூன்று, தட்டம்மை ஒன்று இருந்தால் அங்கே முழுமை. சென்னையிலிருந்து ஆக்லாந்து வந்துசேரும் பயணத்தில் அவன் உடம்பில் எதுவும் மாறவில்லை. அவன் இருக்கும் கணக்கு மாறிவிட்டது. இலங்கைக் குழந்தையின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே எம்.எம்.ஆர். முதல் தவணை ஒன்பது மாதத்தில், இரண்டாவது மூன்று வயதில். உலகிலேயே மிகச் சிறந்த தடுப்பூசித் திட்டங்களில் ஒன்று இலங்கையுடையது. பெரும்பாலான ஆண்டுகளில் 99 சதவீதம் என்று காட்டும் நாடு. அந்தத் திட்டப்படி ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டுக்கொண்ட யாழ்ப்பாணத்து இரண்டு வயதுக் குழந்தைக்கு நியூசிலாந்துக் கணக்கில் தட்டம்மைத் தவணை ஒன்றுகூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் பின்னம் சொல்லித்தரும்போது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள். சதவீதமும் பின்னம்தான். தடுப்பூசிச் சதவீதம் என்றதும் நம் கண் போவது தொகுதிக்கு: எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள்? இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பகுதி: எத்தனை பேரில்? எந்த வயதில், எந்த ஊர் அட்டவணைப்படி? இந்தக் கட்டுரைக்குச் சொல்ல இருப்பதும் அந்தக் கீழ் எண்ணைப் பற்றித்தான். அதற்குள் யாரைச் சேர்க்கிறோம் என்பதை முடிவு செய்யும்போதே விடையில் பாதியை எழுதிவிடுகிறோம்.

தமிழில் தொகுதிக்கு இன்னொரு பொருளும் உண்டு. பக்குரங்கா ஒரு நாடாளுமன்றத் தொகுதி. 2017இல் இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சிமியன் பிரவுன் 2025 ஜனவரியில் நாட்டின் சுகாதார அமைச்சரானார். அரசு 2024இல் அறிவித்த ஐந்து சுகாதார இலக்குகள் அவர் மேசைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, இரண்டு வயது நிறையும் குழந்தைகளில் 95 சதவீதம் பேர் வயதுக்குரிய எல்லா ஊசிகளையும் பெற்றிருக்கவேண்டும், 2030க்குள். அறிவித்த காலத்தில் நாட்டின் அளவு முக்கால்வாசியைச் சற்றே தாண்டி நின்றது. பூர்வகுடி மாவோரிக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி.

95 என்ற எண் யாரோ அழகுக்காகப் போட்டதில்லை. தட்டம்மை, எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குத் தொற்றும். அந்தச் சங்கிலி அறுபட, இருபது பேரில் பத்தொன்பது பேர் காப்புடன் இருக்கவேண்டும். ஆனால் இருபதில் அந்த ஒருவர் ஊரெங்கும் சீராகச் சிதறி இருப்பார் என்பது கணக்கின் கற்பனை. காப்பில்லாதவர்கள் ஒரே தெருவில், ஒரே தேவாலயத்தில், ஒரே குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்திருப்பார்கள். நாட்டுச் சராசரி அதைச் சொல்லாது.

நியூசிலாந்து தன் குழந்தைகளை எண்ணக் கற்றுக்கொண்டது அப்படியொன்றும் பழைய கதை இல்லை. 1990களின் தொடக்கத்தில் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், இரண்டு வயதில் எல்லா ஊசியும் பெற்றவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்து நாடு திடுக்கிட்டது. அதுவரை எல்லாம் நன்றாக நடப்பதாக நினைப்பு. 1995இல் ஒரு விதி வந்தது. குழந்தையைக் காப்பகத்திலோ பள்ளியிலோ சேர்க்கும்போது பெற்றோர் தடுப்பூசிச் சான்றிதழ் காட்டவேண்டும். ஊசி போட்டுக்கொள்வது கட்டாயமில்லை, போட்டதா இல்லையா என்று சொல்வது கட்டாயம். அந்த வேறுபாடு எனக்குப் பிடித்தமானது. உடம்பின்மேல் அரசு கைவைக்கவில்லை, தகவலை மட்டும் கேட்டது. 2005இல் மறுபடி ஒரு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, 77 சதவீதம்.

அதே சமயத்தில்தான் பதிவேடு பிறந்தது. அதற்கும் இந்த வட்டாரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1990களிலிருந்தே நாட்டை வாட்டிய மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிராக, இங்குள்ள கிருமி வகைக்கென்றே செய்த ஊசியை 2004 ஜூலையில் முதலில் போடத் தொடங்கியது கவுன்டீஸ் மனுகாவில். பக்குரங்கா அடங்கிய தென்கிழக்கு ஆக்லாந்து அது. புது ஊசியின் பாதுகாப்பைக் கண்காணிக்க ஒவ்வொரு தவணையும் யாருக்கு, எப்போது என்று பெயரோடு பதியவேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காக முதலில் இறக்கிய தேசியத் தடுப்பூசிப் பதிவேடு 2005இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிந்தது. பிறந்தவுடன் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தேசிய சுகாதார எண் கிடைக்கும். அந்த எண்ணோடு ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். கோவிட் காலத்தில் தனியாக ஒரு புதிய பதிவேடு கட்டினார்கள். அதையே வளர்த்து, 2023 முடிவில் பழையதன் இடத்தில் அயோட்டியரோவா (நியூசிலாந்தின் மாவோரிப் பெயர்) தடுப்பூசிப் பதிவேட்டை வைத்தார்கள்.

பதிவேடு வந்ததும் மாதிரி எடுத்து ஊகிக்கும் வேலை முடிந்தது. அரசு இலக்கு வைத்தது, மாவட்டங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. 2005இல் 77ஆக இருந்தது பத்தாண்டுக்குள் 93, 94 என்று ஏறியது. பதிவேடு வந்ததால் மட்டும் ஏறியதாகச் சொல்லமாட்டேன். ஆனால் யார் போடவில்லை என்ற பட்டியல் கையில் இல்லாத செவிலியர் யார் வீட்டுக்குப் போவார்?

அந்த 93ஐயும் இன்றைய எண்ணையும் அருகருகே வைத்து, "இவ்வளவு விழுந்துவிட்டதே" என்று பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2020 அக்டோபர்வரை எம்.எம்.ஆர். இங்கே பதினைந்து மாதத்திலும் நான்கு வயதிலும். அதன் பிறகு பன்னிரண்டு மாதத்திலும் பதினைந்து மாதத்திலும். ஆக, 'இரண்டு வயதில் முழுமை' என்பதற்குள் முன்பு ஒரு எம்.எம்.ஆர்., இப்போது இரண்டு. அளவுகோலே நீண்டுவிட்டது. வீழ்ச்சி நிஜம்தான், அதில் சந்தேகமில்லை. அதன் முழு அளவையும் பெற்றோரின் மனமாற்றத்தின் கணக்கில் எழுதுவதுதான் தவறு. மறுப்பவர்களைப் பதிவேடு தனியாகவே குறித்துவைக்கிறது. மறுக்காமலும் போடாமலும் இருப்பவர்கள் தனி. மருத்துவரகத்தில் பதிவே இல்லாதவர்கள், வீடு மாறியவர்கள், இரட்டை வேலைக்கு நடுவில் நாள் கிடைக்காதவர்கள் இவர்கள். இவர்களிடம் தடுப்பூசியின் நன்மையை விளக்கிப் பயனில்லை. சனிக்கிழமை மருத்துவரகத்தைத் திறந்துவைத்தால் பயனுண்டு.

இன்னொன்று. எண்ணுவது வயது மைல்கல்லில். இருபத்துநான்கு மாதம் நிறைந்த நாளில் முழுமையா? ஒரு வாரம் கழித்துப் போட்டுக்கொண்ட குழந்தை அந்தக் கணக்கில் என்றைக்கும் விடுபட்டதுதான். இருபத்துமூன்றாம் மாதத்தில் அவசரமாக எல்லாவற்றையும் முடித்த குழந்தை முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஆனால் கக்குவான் இருமல் கொல்வது பெரும்பாலும் முதல் சில மாதங்களில். ஆறாம் வார ஊசி ஆறாம் வாரத்திலேயே போனதா என்பதுதான் அந்த நோய்க்கு எதிரான கேள்வி. இரண்டு வயது இலக்குக்கு அது காதில் விழாது. அமைச்சர்களுக்கு ஒற்றை எண் வசதி. மருத்துவரகத்துக்குத் தேவை தாமதத்தின் கணக்கு.

2019இல் இந்தப் பதிவேட்டின் வயது ஒரு பிரச்சினையாக வந்து நின்றது. அந்த ஆண்டு நியூசிலாந்தில் 2,000க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை. பெரும்பகுதி ஆக்லாந்தில், அதிலும் அதிகம் கவுன்டீஸ் மனுகாவில். பாதிக்கப்பட்டவர்களில் கைக்குழந்தைகள் ஒரு கூட்டம். இருபதுகளில் இருந்த இளைஞர்கள் இன்னொரு கூட்டம். 2005இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிந்த பதிவேட்டில் அந்த இளைஞர்களின் குழந்தைப் பருவ ஊசிகள் இல்லை. அவர்கள் போட்டுக்கொண்டார்களா என்று அவர்களுக்கும் தெரியாது, அம்மாவின் நினைவும் அலமாரியில் எங்கோ கிடக்கும் புத்தகமும்தான் ஆதாரம். குழந்தைகளின் சதவீதத்தைத் தசமப் புள்ளிவரை அறிந்த நாட்டுக்கு, அவர்களுடைய அண்ணன்மார்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஆக்லாந்திலிருந்து அந்த நோய் விமானமேறிச் சமோவா போனது. தெற்கு ஆக்லாந்துக்கும் சமோவாவுக்கும் இடையே கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக்குவரத்து உண்டு, நமக்குச் சென்னையும் யாழ்ப்பாணமும் போல. சமோவாவில் அதற்கு முந்தைய ஆண்டே, 2018 ஜூலையில், சவாய் தீவில் இரண்டு குழந்தைகள் எம்.எம்.ஆர். போட்டவுடன் இறந்தன. ஊசிப் பொடியைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாகத் தசை தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்ட பிழை அது. ஊசி மருந்தில் குறையில்லை. ஆனால் அரசு மாதக்கணக்கில் எம்.எம்.ஆரையே நிறுத்திவைத்தது. மக்களின் நம்பிக்கையும் போயிற்று. அந்த ஆண்டு முதல் தவணை பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தார்கள். அடுத்த ஆண்டு நோய் இறங்கியபோது இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

2019 டிசம்பர் 5, 6 இரண்டு நாளும் சமோவா நாட்டையே மூடிவிட்டுச் செவிலியர்களை வீடு வீடாக அனுப்பியது. ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டிவைக்கவேண்டும். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வேப்பிலை நினைவுக்கு வந்தது. அம்மை போட்டிருக்கும் வீட்டு நிலைப்படியில் வேப்பங்கொத்து செருகுவது நம் ஊர் வழக்கம். தெருவில் போகிற எவரும் படித்துக்கொள்ளலாம். வேப்பிலை நோய் வந்த வீட்டைக் காட்டும், சிவப்புத் துணி வரக்கூடிய வீட்டைக் காட்டும். சதவீதமே இல்லாத கணக்கெடுப்பு அது. அந்தக் கணம் சமோவாவுக்குத் தேவைப்பட்டது எத்தனை வீடு என்பதைவிட எந்த வீடு என்பது.

ஊசி போட்ட குழந்தைகள் இறந்து, திட்டம் தடுமாறி, எண் சரிந்த கதை தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்து அங்கன்வாடிகளில் புதன்கிழமை தோறும் நடந்துகொண்டிருந்த ஊசி போடும் வேலையை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் குழந்தையைத் தூக்கிவரவேண்டும் என்று மாநில அரசு மாற்றியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. பஸ் இல்லாத ஊர்த் தாய்க்கு அது ஒரு நாள் கூலி.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்து சுற்றுகளில் தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசிச் சதவீதங்கள்: 1990களின் தொடக்கத்தில் 65, அவற்றின் இறுதியில் 89, 2005-06இல் 81, 2015-16இல் 70, 2019-21இல் மீண்டும் 89. மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற மாநிலத்தின் எண், மலைப்பாதை போல ஏறி இறங்குகிறது. 2008இன் காயம் இதில் இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாமே காயமா? 2005-06இலேயே, திருவள்ளூருக்கு முன்பே, எண் இறங்கத் தொடங்கிவிட்டதே. அதோடு, 2015இல் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மாநிலம் முழுவதும் தனியாக எடுத்த கணக்கெடுப்பு ஏறக்குறைய 80 என்றது. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, நேர்மையான இரண்டு கணக்கெடுப்புகள், நடுவில் பத்துப் புள்ளி. அட்டை கையில் இருந்த வீடு எத்தனை, அட்டை இல்லாதபோது தாயின் நினைவை எப்படிக் கேட்டார்கள், எந்தத் தெருக்கள் மாதிரியில் விழுந்தன என்பதில் இந்தப் பத்துப் புள்ளி கரைந்துகிடக்கும். பி.சி.ஜி. மட்டும் பெரும்பாலும் ஏமாற்றாது. இடது தோளில் தழும்பு இருக்கும், களப்பணியாளர் சட்டையை விலக்கிப் பார்த்துவிடலாம்.

அரசின் நிர்வாகக் கணக்குக்கு வேறு வகை நோய். அதன் பகுதி, பிறந்திருக்கக்கூடிய குழந்தைகளின் மதிப்பீடு. இந்தியாவில் 2021இல் நடந்திருக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011இன் எண்ணை நீட்டி நீட்டித்தான் அந்த மதிப்பீடு. தமிழ்நாட்டில் இதில் ஒரு குடும்ப வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். குழந்தை பிறப்பது அம்மாவின் ஊரில், முதல் இரண்டு மூன்று தவணை அங்கே. ஐந்தாம் மாதம் சீர்வரிசையோடு புகுந்த வீட்டுக்கு. ஒன்பதாம் மாத ஊசி இன்னொரு வட்டாரத்தின் பதிவில். ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு நூற்றுப்பத்துக் குழந்தை ஊசி போட்டிருக்கும், அடுத்ததில் எண்பது. யாரும் பொய் எழுதவில்லை. கர்ப்பம் தரித்தது முதல் தாய்க்கு ஒரு எண் கொடுத்துப் பின்தொடரும் 'பிக்மி' பதிவு முறையைத் தமிழ்நாடு கொண்டுவந்ததற்கு இந்த அலைச்சலும் ஒரு நியாயம்.

பதிவேடும் இல்லாத, பிறப்புக் கணக்கும் இல்லாத நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு எளிய வழி கண்டிருந்தது. பெரியம்மை ஒழிப்பின்போது மேற்கு ஆப்பிரிக்காவில் பழகிய முறை. முப்பது ஊர்களைத் தேர்ந்தெடு, ஊருக்கு ஏழு குழந்தை, மொத்தம் 210. ஊர் நடுவில் நின்று ஒரு பாட்டிலைச் சுழற்று, அது காட்டும் திசையில் நட, ஒரு வீட்டில் தொடங்கி அடுத்தடுத்த வாசலைத் தட்டு. உண்மை எண்ணுக்குப் பத்துப் புள்ளி மேலோ கீழோ கிடைத்துவிடும். 1982இல் இந்த முறையின் அனுபவத்தைத் தொகுத்து எழுதிய கட்டுரையில் இரண்டு பெயர்கள்: ஹென்டர்சன், சுந்தரேசன். உலகின் எத்தனையோ நாடுகளின் முதல் தடுப்பூசிச் சதவீதம் அந்தப் பாட்டில் சுழன்றதில் வந்தது. ஊர் நடுவில் தொடங்கினால் ஓரத்துக் குடிசைகள் தப்பும், வீட்டில் ஆளில்லாவிட்டால் அடுத்த வீடு என்பதால் வேலைக்குப் போகும் தாய்மார் தப்புவார்கள். தப்புகிறவர்கள்தான் ஊசியும் தப்பியவர்கள். 2018இல் வந்த புதிய கையேடு பாட்டிலைக் கைவிட்டு முறையான வாய்ப்பு மாதிரிக்கு மாறிவிட்டது. மலிவு போய்விட்டது, வேறு வழியில்லை.

நாடுகள் தரும் எண்ணையும் கணக்கெடுப்புகளையும் உரசிப் பார்த்து, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆண்டுதோறும் ஜூலை நடுவில் ஒரு மதிப்பீடு வெளியிடுகின்றன. அரசின் எண்ணும் கணக்கெடுப்பும் பத்துப் புள்ளிக்குள் ஒத்துப்போனால் அரசின் எண் நிற்கும். இல்லையென்றால் கணக்கெடுப்பின் பக்கம் சாய்வார்கள். புதுத் தகவல் வந்தால் பழைய ஆண்டுகளின் எண்ணையும் திருத்துவார்கள். அதனால் 2015 பற்றி 2016இல் படித்ததும் இன்று படிப்பதும் வேறாக இருக்கலாம். இந்த எச்சரிக்கை வீண் போகவில்லை என்பதற்கு 2008இல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு சாட்சி. கூடுதலாக ஊசி பெறும் குழந்தைக்குத் தலைக்கு 20 டாலர் என்று 'கவி' கூட்டமைப்பு ஏழை நாடுகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்துவந்தது. நாடுகள் தந்த கணக்கில் கூடுதல் குழந்தைகள் 1.39 கோடி. கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தால் 74 லட்சம். எண்ணுக்கு விலை வைத்தால் எண் வீங்கும் என்பது நம் ஊர் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை.

2024க்கான உலக மதிப்பீட்டில் முத்தடுப்பின் மூன்று தவணையும் பெற்றவர்கள் 85 சதவீதம். ஒரு தவணைகூடப் பெறாதவர்கள் 1.43 கோடிக் குழந்தைகள். இந்தியாவில் அந்தப் பிரிவு ஒரே ஆண்டில் 16 லட்சத்திலிருந்து 9 லட்சமானது. 'ஒன்றும் பெறாத குழந்தை' என்றுதான் அதற்குப் பெயர். உண்மையில் எண்ணுவது முத்தடுப்பின் முதல் தவணை விடுபட்டவர்களை. மருத்துவமனையில் பிறந்து பி.சி.ஜி.யும் போலியோச் சொட்டும் வாங்கிய குழந்தையும் அதற்குள் இருக்கலாம்.

பதிவேடு வைத்திருக்கும் நாட்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, வேறு தொல்லை இருக்கிறது. பெயர் தெரியும். அந்தப் பெயரை யாரிடம் கொடுப்பது? 2021இல் கோவிட் ஊசி போடாத மாவோரிகளின் பெயர்ப்பட்டியலை, வீடு தேடிப் போகத் தயாராயிருந்த மாவோரி அமைப்பான ஃபானாவ் ஓரா ஆணைய முகமை கேட்டது. அமைச்சகம் மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது, முடிவை மறுபரிசீலனை செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது, தகவல் கைமாறியது. என் சாய்வு கேட்டவர்கள் பக்கம். ஒரு கூட்டத்தின் குறைந்த சதவீதத்தை நாளிதழில் அச்சிடலாம், ஆனால் அதைச் சரிசெய்ய வருகிற அவர்களுடைய உறவினருக்குப் பெயர் தரக்கூடாது என்றால் அந்தச் சதவீதம் பழி சொல்ல மட்டும்தான் உதவும்.

நம்மவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. ஹோவிக் உள்ளாட்சிப் பகுதியில், பக்குரங்காவையும் சேர்த்து, ஏறத்தாழ பாதிப்பேர் ஆசியர். வெளியாகும் தடுப்பூசி அட்டவணையில் 'ஆசியர்' என்ற வரி வழக்கமாக முதலிடத்தில் இருக்கும். சியோலில் தொடங்கிக் கண்டியில் முடிகிற வரி அது. குவாங்சோவிலிருந்து வந்த பொறியாளரின் மகளும், அகதியாக வந்த ஈழத்தமிழரின் பேரனும், பிஜியின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தென்னிந்தியரின் வழிவந்த குழந்தையும் ஒரே எண்ணுக்குள். உயர்ந்த சராசரிக்குள் தாழ்ந்தது எதுவும் இருந்தால் கண்ணில் படாது, யாரும் தேடவும் மாட்டார்கள்.

நம் குழந்தைகள் கணக்கில் நழுவும் இடங்கள் அந்த வரிக்குப் பின்னால்தான். இங்கே பிறந்து, மூன்றாம் மாதத்தில் ஆத்தா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் தங்கும் குழந்தை, பக்குரங்காவின் பகுதியில் இருந்துகொண்டே இருக்கிறது. அங்கே போட்ட ஊசி திரும்பிவந்து யாராவது தட்டச்சு செய்யும்வரை தொகுதியில் ஏறாது. பதிவேட்டைப் பொறுத்தவரை அது கடன்பட்ட குழந்தை. ஊரில் பிறந்து வருகிற குழந்தையோ, ஒரு மருத்துவரகத்தில் பெயர் கொடுக்கும்வரை பகுதியிலேயே இல்லை. விசா என்ன விசாவானாலும் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் அட்டவணை ஊசிகள் இங்கே இலவசம் என்பது வந்த புதிதில் பலருக்குத் தெரிவதில்லை. பி.சி.ஜி.யும் அப்படித்தான். நியூசிலாந்தில் அது எல்லாக் குழந்தைக்கும் கிடையாது. காசநோய் அதிகமுள்ள நாட்டில் அண்மையில் வாழ்ந்த பெற்றோரின் குழந்தைக்கும், அங்கே போய் மாதக்கணக்கில் தங்கப்போகும் குழந்தைக்கும் கேட்டால் போடுவார்கள். இரண்டு வயது முழுமைக் கணக்கில் அது இல்லாததால், இலக்கு எதுவும் அதை நினைவூட்டாது. பாட்டிதான் தோளைத் தடவிப் பார்த்து, "இவனுக்குத் தழும்பையே காணோமே" என்று கேட்பார்.

மருத்துவரகத்தில் செவிலியர் இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம்: வெளிநாட்டில் போட்டது என்ற குறிப்போடு ஒவ்வொன்றாக ஏறுகிறது. ஒன்பதாம் மாத எம்.ஆரும் ஏறுகிறது, எண்ணிக்கையில் சேராத தவணையாக. முதல் எம்.எம்.ஆர். இன்றைக்கே. இரண்டாவது நான்கு வாரம் கழித்து. பையன் அழுது ஓய்கிறான். இருபது நிமிடம் காத்திருந்து போகச் சொல்கிறார்கள்.

அம்மா எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, பாலித்தீன் உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுகிறார். கணினியில் ஏற்றியாகிவிட்டது, இது தேவையில்லை என்கிறார் செவிலியர். "இருக்கட்டும் சிஸ்டர், இதுலயும் எழுதிக் குடுங்க." செவிலியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பன்னிரண்டு மாதத்துக்கு அதில் கட்டமே இல்லை. 16 முதல் 24 மாதம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் எம்.எம்.ஆர். ஒன்று, பக்குரங்கா என்று எழுதித் தேதியும் போடுகிறார்.